அஜ்ரக்பூரில் ஓர் இறுதியாண்டு

புஜ் நகரிலிருந்து பச்சாவ் போகும் நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 15 கி.மீ. சென்றால் அஜ்ரக்பூர். வழி நெடுக உப்பு லாரிகள். சாலையின் இரு பக்கமும், தமிழ்நாட்டில் சீமைக் கருவேலம் என்று சபிக்கப்படும் அதே முள்மரம். கட்ச் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காண்டோ பாவல்', அதாவது பைத்தியக் கருவேலம். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் எட்டுவது சத்தம்தான். ஈரத் துணியைச் சுழற்றிக் கல்லில் அறையும் சத்தம். அதன் பிறகே சிமெண்ட் தொட்டிகளும், வெட்டவெளியில் தரையோடு தரையாக விரித்துக் காயவிட்ட மீட்டர் கணக்கான சிவப்பு, நீலத் துணிகளும் கண்ணில் படுகின்றன.

துணியின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்ட ஊர் இது. ஊரின் வயதைவிடத் துணியின் வயது பல நூறு ஆண்டுகள் அதிகம். 2001க்கு முன் அஜ்ரக்பூர் என்று ஓர் ஊரே கிடையாது. இங்குள்ள கத்ரி குடும்பங்கள் அதுவரை இன்னும் கிழக்கே, புஜ்ஜிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள தமட்காவில் இருந்தன. சிந்துப் பகுதியிலிருந்து வந்த தங்கள் முன்னோரைக் கட்ச் மன்னர் ராவ் பார்மல் அழைத்துக் குடியமர்த்தினார் என்பது கத்ரிகள் சொல்லிவரும் வரலாறு. எந்த இடம் வேண்டும் என்று மன்னர் கேட்டபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது சாரன் ஆற்றின் கரையை. அச்சுத் துணிக்காரனுக்கு வளமான நிலம் வேண்டாம், ஓடும் தண்ணீர் போதும்.

அந்த ஆறு 1980களின் இறுதிக்குள் வறண்டுபோனது. கிணறு வெட்டினார்கள், பம்பு வைத்தார்கள், நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. பிறகு 2001 ஜனவரி 26. குடியரசு தினக் காலையில் வந்த பூகம்பம் தமட்காவைத் தரைமட்டமாக்கியதோடு நிற்கவில்லை. நிலத்தடி நீரின் குணத்தையும் அது மாற்றிவிட்டது. தண்ணீரில் இரும்பு கூடியது. வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் இரும்பு கலந்த தண்ணீரில் துணியைத் துவைத்தால் சிவப்பு மங்கி, வெள்ளை பழுப்பாகிவிடும். பல குடும்பங்கள் மண்ணை விட்டுத் தண்ணீரைத் தேடி இங்கே வந்தன. சிலர் தமட்காவிலேயே தங்கிவிட்டார்கள், அங்கும் வேலை நடக்கிறது.

2024 ஜனவரியில் ஒரு பெரிய பெட்டியும் மடிக்கணினியுமாக இந்த ஊரில் வந்து இறங்கிய மாணவிக்கு இந்த வரலாறு தெரியும். அகமதாபாத்தில் ஜவுளி வடிவமைப்பு படிக்கும் நாக்பூர் பெண் அவர், வயது 22. இறுதியாண்டுத் திட்டத்துக்குக் கல்லூரி தந்த அவகாசம் ஆறு மாதம். ஜூலையில் ஜூரி. திட்ட முன்வரைவில் வரலாறு இரண்டு பக்கத்துக்கு அடக்கமாக இருந்தது. மீதிப் பக்கங்களில் அவர் செய்யப்போகும் ஆறு துணிகளின் வண்ணப் படங்கள். ஜூரி முடியாததால் பெயர் வேண்டாம் என்று அப்போது கேட்டுக்கொண்டார். முடிந்த பிறகும் அதையே சொன்னார்.

கட்ச்சுக்கு வடிவமைப்பு மாணவர்கள் வருவது புதிதல்ல. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1958ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது முதலே கைவினைஞரின் பட்டறைக்கு மாணவரை அனுப்புவது இந்திய வடிவமைப்புக் கல்வியின் ஓர் அங்கமாகிவிட்டது. இன்று நாட்டில் எத்தனையோ கல்லூரிகள் இதைச் செய்கின்றன. விளைவு, குளிர்காலத்தில் அஜ்ரக்பூரின் பட்டறைகளில் அச்சடிப்பவர்களுக்குச் சமமாகக் குறிப்பெடுப்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் அதே பத்துக் கேள்விகளைக் கேட்பார்கள். கத்ரிகளும் அலுக்காமல் அதே பத்துப் பதில்களைச் சொல்வார்கள், தேநீரும் தருவார்கள்.

இந்த மாணவி தங்கிய பட்டறையின் சொந்தக்காரரை எல்லோரும் 'சாச்சா' என்றே கூப்பிடுகிறார்கள். அறுபதைத் தாண்டியவர். பூகம்பத்தின்போது தமட்காவில் இருந்தவர். அவருக்கு மாணவி 'பேட்டா'. அவருடைய மகனுக்கோ மாணவி 'பென்'. குஜராத்தில் வயது வித்தியாசம் பார்க்காமல் பெண்களின் பெயரோடு ஒட்டும் 'அக்கா'.

முன்வரைவின் மையம் ஒரு முள். சாலையோரத்துக் காண்டோ பாவல் கிளையை, மெல்லிய கோடுகளில், ஒரு பக்கம் சாய்ந்தாற்போல வரைந்திருந்தார் மாணவி. நவீன அஜ்ரக். வழிகாட்டி ஆசிரியருக்கு மிகவும் பிடித்திருந்தது. படத்தைப் பார்த்ததும் பட்டறையில் சிரிப்பு. "இதை வெட்டிப்போடத்தான் நாங்கள் கூலி கொடுக்கிறோம்" என்றார் சாச்சா. ஆனால் செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சுக்கட்டை செய்து கொண்டுவரச் சொன்னார்.

அச்சுக்கட்டைக்குப் போக வேண்டிய இடம் பேதாபூர். காந்திநகருக்கு அருகிலுள்ள இந்தச் சிற்றூரில் தேக்கு மரத்தில் அச்சு செதுக்கும் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. புஜ்ஜிலிருந்து ஓர் இரவுப் பயணம். ஒரு வடிவத்துக்கு ஒரு கட்டை என்று நினைப்பது வெளியாரின் வழக்கம். எல்லைக் கோட்டுக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று, நிறத்தை நிரப்ப ஒன்று என்று ஒரு வடிவத்துக்குக் குறைந்தது மூன்று கட்டைகள் வேண்டும். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். காற்று வெளியேற நுண்ணிய துளைகள் வேறு. கட்டை வந்ததும் அதை எண்ணெயில் ஊறப்போட வேண்டும். இத்தனைக்கும் பிறகு பிப்ரவரி நடுவில் முதல் அச்சு விழுந்தபோது முள்ளைக் காணோம். துணியில் இருந்தது ஒரு வெள்ளைத் திட்டு.

காரணம் எளியது. அஜ்ரக்கில் முதலில் அச்சடிப்பது சாயத்தை அல்ல. சுண்ணாம்பும் கருவேலம்பிசினும் குழைத்த பசையை. பின்னால் எந்தச் சாயத்தில் முக்கினாலும் அந்த இடத்தில் நிறம் ஏறாமல் தடுப்பது அதன் வேலை. பசை கெட்டியானது. கணினித் திரையில் அழகாக இருந்த மெல்லிய கோடுகளின் இடைவெளியை அது அடைத்துக்கொண்டது. இரண்டாவது பிரச்சினை இன்னும் அடிப்படையானது. அஜ்ரக்கின் வடிவங்கள் எல்லாம் ஒரு கட்டத்துக்குள் அடங்கி, இடமும் வலமும் ஒன்றாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. நல்ல அஜ்ரக்கைத் துணியின் இரு பக்கமும் அச்சடிப்பார்கள். முன்பக்கத்துப் பூ பின்பக்கத்துப் பூவின் மேல் சரியாக விழ வேண்டுமானால் வடிவம் கண்ணாடியில் பார்த்தாலும் அதேபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த முள் அடுத்த பக்கத்தில் எதிர்த் திசையில் சாய்ந்தது. விளக்கொளியில் பிடித்தால் இரண்டு முள்ளும் ஒன்றையொன்று குத்திக்கொண்டு நின்றன.

"புத்தகத்தில் இதை இஸ்லாமிய வடிவியல் என்று எழுதியிருந்தார்கள்" என்றார் மாணவி. "இருட்டில் எழுந்து உடுத்தினாலும் தலைகீழ், உள்வெளி என்ற பேச்சே வராது. மாடு மேய்க்கிறவருக்கு அதுதானே வசதி என்று சாச்சா சொல்கிறார்." இரண்டும் சரியாக இருக்கலாம். அஜ்ரக்கின் பழைய வாடிக்கையாளர்கள் கட்ச்சின் மால்தாரி மேய்ப்பர்கள்தான். லுங்கி, தலைப்பாகை, தோள்துண்டு, தூளி எல்லாமே அவர்களுக்கு அதுதான். மலிவான செயற்கை இழைத் துணி வந்ததும் அவர்கள் அதற்கு மாறிவிட்டார்கள். 1970களில் குஜராத் அரசின் கைவினை நிறுவனம் 'குர்ஜரி' நகரச் சந்தையைத் திறந்துவிட்டிருக்காவிட்டால், தமட்காவின் முகமது சித்திக் கத்ரி போன்றவர்கள் இயற்கைச் சாயங்களை விடாப்பிடியாக மீட்டெடுத்திருக்காவிட்டால், மாணவர்கள் வந்து பார்க்க இங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அவருடைய மகன் இஸ்மாயில் கத்ரிக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003இல் கெளரவ டாக்டர் பட்டம் அளித்தது. அஜ்ரக்பூர் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

(கடைகளில் தொங்கும் அட்டைகள் அஜ்ரக்குக்கு ஐயாயிரம் வயது என்கின்றன. மொகஞ்சதாரோவில் கிடைத்த பூசாரி அரசன் சிலையின் மேலாடையில் உள்ள மூவிலைப் பூதான் ஆதாரமாம். கல்லில் செதுக்கிய பூ எந்தச் சாயத்தில் தோய்ந்தது என்று யார் கண்டது? எகிப்தின் பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில் கிடைத்த, குஜராத்திலிருந்து போன இடைக்கால அச்சுத் துணித் துண்டுகள் அதைவிட உறுதியான சாட்சி. ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் அவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகள் ஒரு தொழிலுக்குப் போதாத வயதா என்ன?)

மார்ச்சில் மாணவி முள்ளைத் தள்ளிவைத்துவிட்டு வேலையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். இந்த வேலையைச் சொல்லித் தீர்ப்பது சிரமம். ஆலையிலிருந்து வந்த துணியை முதலில் அலசிக் கஞ்சியை எடுக்கிறார்கள். பிறகு ஒட்டகச் சாணம், சலவைச் சோடா, ஆமணக்கெண்ணெய் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவைத்து, மறுபடி ஊறவைத்து, சில நாட்கள். துணி மிருதுவாகிச் சாயம் குடிக்கத் தயாராகும். அடுத்தது கடுக்காய்த் தண்ணீர். வெள்ளைத் துணி மஞ்சளாகிறது. இந்த மஞ்சள் கடைசியில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கடுக்காயின் துவர்ப்பு இல்லாமல் கறுப்பு பிடிக்காது. அதன் பிறகுதான் சுண்ணாம்புப் பசை அச்சு.

கறுப்பு என்பது இரும்பு. பழைய குதிரை லாடம், துருப்பிடித்த ஆணி, தகரத் துண்டுகளை வெல்லமும் கடலைமாவும் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டு மூடி வைக்கிறார்கள். வெயில் காலத்தில் ஒன்றிரண்டு வாரத்தில் நுரை கட்டி நாற்றம் கிளம்பும். குளிரில் இன்னும் நாளாகும். இந்தக் கஷாயத்தைப் புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சிக் கெட்டியாக்கி அச்சடித்தால், கடுக்காயோடு சேர்ந்த கணத்தில் துணியில் கறுப்பு எழுகிறது. சிவப்பு வர வேண்டிய இடங்களுக்குப் படிகாரம். அவற்றின் மேல் நீலம் ஏறாமல் களிமண் கலந்த பசையால் மூடி, காயவைத்து, அவுரித் தொட்டியில் முக்குகிறார்கள். தொட்டியிலிருந்து துணி பச்சையாக வெளியே வருகிறது. காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. எத்தனை முறை பார்த்தாலும் மாணவர்கள் கைப்பேசியை எடுக்கும் இடம் இதுதான். இந்த அவுரியில் ஒரு பகுதி தமிழ்நாட்டின் திண்டிவனம் வட்டாரத்தில் விளைந்து கட்டியாகி இங்கே வருவது என்பது தமிழ் வாசகர்களுக்கு ஓர் உபரித் தகவல்.

நீலத்துக்குப் பின் ஓர் அலசல். பசையெல்லாம் கழன்று போகிறது. பிறகு செம்பு அண்டாவில் மஞ்சிட்டியோ அலிசரினோ போட்டுக் கொதிக்கவைக்க, படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கிறது. மீண்டும் அலசல், வெயில். நல்ல துணியென்றால் பாதிப் படிகளை இன்னொரு சுற்றும் செய்வார்கள். படிகளைப் பதினான்கு என்பார்கள், பதினாறு என்பார்கள். எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. (அலிசரின் பல பட்டறைகளில் ஆலையிலிருந்து வருவதுதான். 1869 முதலே வேதியியலாளர்களுக்கு அதைச் செய்யத் தெரியும். 'முழுக்க இயற்கைச் சாயம்' என்ற சீட்டைக் கண்டால் கேள்வி கேட்பதில் தவறில்லை. நேர்மையான பட்டறைகள் எது எது என்று சொல்லிவிடுகின்றன.)

ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு நாட்களில் பட்டறை விடியலில் தொடங்கி மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். கல்லூரியின் நாள்காட்டியில் அந்த மாதத்துக்குத் தனி இடம் இல்லை. ஈகைத் திருநாளுக்கு முன் ஒரு துணியாவது முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், சிவப்பு அண்டாவில் போடுவதற்கு முன் ஒரு நீளத் துணியை மாணவி தாமே அலசினார். ஓடும் தண்ணீரில் பிடித்து, கல்லில் அடித்து, திருப்பிப் பிடித்து, மீண்டும் அடித்து, தண்ணீர் தெளியும்வரை செய்ய வேண்டிய வேலை. அவர் தொட்டியில் இரண்டு முறை முக்கி எடுத்தார். பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தது. அண்டா கொதித்ததும் துணியில் ஒட்டாமல் மிஞ்சியிருந்த படிகாரமும் இரும்பும் கிளம்பி, கண்ட இடத்தில் படிந்து சாயத்தை இழுத்துக்கொண்டன. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய கோடுகள் அழுக்கு ரோஜாவாக வந்தன. மூன்று வார வேலை.

சாச்சா கோபிக்கவில்லை. அந்தத் துணியைப் பட்டறையில் வெயில் மறைக்கத் தொங்கவிட்டார். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

தண்ணீரைப் பற்றி மாணவி யோசிக்கத் தொடங்கியது இங்கிருந்துதான். அன்றிலிருந்து அவருடைய நோட்டில் பூக்கள் வரைவது நின்றது. எந்தத் துணி எந்த நாள், எந்தத் தொட்டிக்கு, எத்தனை முறை போனது, தண்ணீர் எங்கே வடிந்தது என்று பக்கம் பக்கமாக எழுதினார். நிலத்திலிருந்து ஏற்றும் தண்ணீர் இங்கும் ஆழத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஆறு வற்றிய ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்த அறிகுறிகள் தெரியும். "அப்பா ஒரு முறை ஊரை விட்டார். எனக்கு அடுத்த ஊர் எங்கே?" என்றார் மகன்.

ஏப்ரல் இறுதியில் மாணவி புதிய முன்வரைவு ஒன்றை எழுதினார். குறைந்த தண்ணீரில் அஜ்ரக். அலசலைக் குறைக்க முடியாது என்பதை ரோஜா நிறக் கோடுகள் கற்றுக்கொடுத்துவிட்டன. ஆகவே படியைக் குறைக்கலாம். நீலத்தை விட்டுவிட்டால் களிமண் பசையும் வேண்டாம், அவுரித் தொட்டியும் வேண்டாம், அதற்குப் பிந்தைய அலசலும் வேண்டாம். சிவப்பு, கறுப்பு, வெள்ளை மட்டும். இரண்டாம் சுற்று கிடையாது. அகமதாபாதில் வழிகாட்டிக்குத் திருப்தி. முள்ளைவிட இதில் ஒரு கருத்து இருப்பதாக அவர் கருதினார்.

இந்த முறை சாச்சா சிரிக்கவில்லை. "துணி நன்றாக வரும். செய்து தருகிறேன். ஆனால் அதை அஜ்ரக் என்று எழுதாதே."

அரபியில் 'அஸ்ரக்' என்றால் நீலம். அதிலிருந்து வந்ததே துணியின் பெயர் என்பது பரவலான கருத்து. 'ஆஜ் ரக்', இன்று இருக்கட்டும், நாளை ஆகட்டும் என்று துணியை ஒவ்வொரு படியிலும் ஆறப்போடுவதால் வந்த பெயர் என்பது பட்டறைகளின் விளக்கம். முதல் விளக்கப்படி நீலமில்லாத அஜ்ரக் கிடையாது. இரண்டாவதன்படி அவசர அஜ்ரக் கிடையாது. மாணவியின் புதிய திட்டம் இரண்டுக்கும் எதிராக இருந்தது. போதாக்குறைக்கு அது 2024. கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டு. திரை அச்சில் ஒரே நாளில் அடித்து 'அஜ்ரக் பிரின்ட்' என்று நாடெங்கும் விற்கும் துணிகளோடு போராடிக் களைத்த கத்ரிகளுக்குப் பெயர் என்பது உணர்ச்சி விவகாரம் மட்டுமல்ல. "நாங்களே நீலத்தை விட்டால், அவர்களிடம் என்ன முகத்தோடு கேட்பது?"

இரண்டு நாள் விவாதம் நடந்தது. கச்சியும் இந்தியும் கலந்த பேச்சில் மாணவிக்குப் பாதி புரிந்தது. மீதியை மகன் சொன்னார். அவர் சொன்ன ஒரு விஷயம் முன்வரைவில் எங்கும் இல்லை. மகனும் ஒரு டிசைனர்தான். கட்ச்சில் 2005இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயாவும், 2014இல் தொடங்கிய சோமையா கலா வித்யாவும் கைவினைஞர்களுக்கே வடிவமைப்புக் கற்றுத்தரும் பள்ளிகள். நிறம், அமைப்பு, சந்தை, தொகுப்பு என்று நகரக் கல்லூரியில் சொல்லித்தருவதன் சாரம் அங்கேயும் உண்டு. அப்படி ஒரு படிப்பை முடித்தவர் மகன். பட்டறையின் பாதி புதிய வடிவங்கள் அவருடையவை. "மாணவர்கள் வருகிறார்கள். எங்கள் பெயரை நன்றி சொல்லும் பக்கத்தில் போடுகிறார்கள். பென், நீங்கள் என்னை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்?" என்று அவர் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. ஆர்டர் புத்தகத்தில் தேதி குறிப்பவரின் குரலில்தான் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மாணவியிடம் பதில் இல்லை. கல்லூரி விதிப்படி திட்ட அறிக்கை ஒரு மாணவரின் படைப்பு. முகப்பில் ஒரு பெயர்தான் வரும். மதிப்பெண்ணும் ஒருவருக்குத்தான். இந்தியக் கைவினையில் கைக்கும் தலைக்கும் நடுவே போடப்பட்ட கோடு பழையது. அதை ஓர் இறுதியாண்டு மாணவி அழிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. ஆனால் கேள்வி கேட்கப்பட்ட பிறகு கேட்காததுபோல் இருப்பதும் முடியாது.

அவர் செய்தது வேறு. மகனை உட்காரவைத்துத் தம் நோட்டைக் காட்டினார். தண்ணீர்க் கணக்கை இருவரும் வரி வரியாகப் படித்தார்கள். ஒவ்வொரு துணியும் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிவதால், ஓரளவு சுத்தமான கடைசி அலசல் தண்ணீர் வீணே வடிகிறது. அதே நாளில் புதுத் துணி ஒன்று கஞ்சி எடுக்கக் காத்திருந்தால் அந்தத் தண்ணீர் அதற்குப் போதும். கடுக்காய் ஏறிய துணிக்கு மட்டும் அதைக் காட்டக்கூடாது. மிச்சமிருக்கும் துளி இரும்பும் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். இது மகனுக்குத் தெரியாததல்ல. கையில் துணி இருக்கும் நாட்களில் இப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் எந்தத் துணி எந்த நாள் எந்தப் படியில் இருக்கும் என்பது இதுவரை சாச்சாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. பட்டறையில் ஒரே சமயம் பத்துப் பன்னிரண்டு ஆர்டர்கள் ஓடும்போது அது தவறிவிடும்.

மே மாதத்தின் வெயிலில், மதியம் தரையில் கால் வைக்க முடியாத நாட்களில், இருவரும் ஓர் அட்டவணை போட்டார்கள். இடமிருந்து வலமாக நாட்கள். மேலிருந்து கீழாகத் துணிகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிறம். மஞ்சள் என்றால் கடுக்காய், சாம்பல் என்றால் பசை, நீலம், சிவப்பு. தண்ணீர் ஒரு துணியிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் இடங்களில் அம்புக்குறி. முதல் அட்டவணை மூன்றே நாளில் பொய்த்தது. ஒரு நாள் மேகமூட்டம், துணி காயவில்லை. அடுத்ததில் ஆறப்போடும் நாட்களைக் கூட்டினார்கள். அதற்கடுத்ததில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு இடம் விட்டார்கள். சாச்சா வந்து பார்த்தார். அவருக்கு நிறங்கள் உடனே புரிந்தன. அம்புக்குறிகளைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். "சாரன் ஓடியபோது இதெல்லாம் தேவைப்படவில்லை" என்றார். அது பாராட்டா, வருத்தமா என்று மாணவிக்குத் தெரியவில்லை.

துணிகளும் ஒரு பக்கம் முடிந்துவந்தன. ஆறு என்று எழுதியது நான்கானது. இரண்டு துணிகளில் நீலமில்லை. அவற்றுக்கு 'லால்-காளோ', சிவப்பு-கறுப்பு, என்றே பெயர் வைத்தார். அஜ்ரக் என்ற சொல் அந்தச் சீட்டுகளில் இல்லை. மூன்றாவது இரு பக்கமும் அடித்த முழு அஜ்ரக், சாச்சாவின் பழைய கட்டைகளில், இரண்டு சுற்றும் குறைக்காமல் செய்தது. துணியின் நடுவில் மட்டும் அச்சில்லாமல் அகலமான நீல வெளி. நான்காவதில் காண்டோ பாவல் திரும்பி வந்தது. ஆனால் இப்போது அது சாயவில்லை. நான்கு முட்கள் ஒரு புள்ளியிலிருந்து நாலு திசைக்கும் விரிந்து, கோடுகள் தடித்து, கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தது. தெரியாதவர்கள் பார்த்தால் பழைய வடிவம் என்றே நினைப்பார்கள். பேதாபூர்க்காரர் இரண்டாம் முறை செதுக்கிய கட்டை அது. மாணவி வரைந்ததில் பாதியை அவரே திருத்தியிருந்தார்.

ஜூலையில் அகமதாபாத்தில் ஜூரி. நான்கு துணிகளும் தொங்கின. அட்டவணை பக்கத்துச் சுவரில். ஜூரியில் பாதி நேரம் முள் வடிவத்தைப் பற்றியே பேச்சு நடந்தது. அட்டவணை வந்தபோது, இது ஜவுளி வடிவமைப்பா, உற்பத்தி நிர்வாகமா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் இல்லாவிட்டால் இந்த நான்கு துணியும் இல்லை என்பதால் இதையும் துணியின் பகுதியாகவே கருதுகிறேன் என்றார் மாணவி. இன்னொருவர் தண்ணீரின் அளவை லிட்டரில் அளந்தீர்களா என்று கேட்டார். எல்லாத் தொட்டிக்கும் அளவு எடுக்க முடியவில்லை என்பதே பதில். நியாயமான கேள்வி, நேர்மையான பதில். திட்டம் தேறியது. முதலிடம் வேறு ஒருவருக்கு.

அறிக்கையின் முகப்பில் விதிப்படி ஒரு பெயர்தான் இருக்கிறது. அட்டவணைக்கென்று ஒதுக்கிய அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். அதைக் கல்லூரியில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒருவேளை கவனிக்காமலும் இருந்திருக்கலாம். அறிக்கையின் ஒரு பிரதி அஜ்ரக்பூருக்குத் தபாலில் போனது. மகன் முதலில் திருப்பிப் பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான். பிறகு பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைத் தொலைபேசியில் சொன்னார்.

அச்சுக்கட்டைகளை மாணவி எடுத்துப்போகவில்லை. எடுத்துப்போய் என்ன செய்வது? பட்டறையின் அலமாரியில், தமட்கா இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்து வந்த கட்டைகளுக்கு இரண்டு தட்டு கீழே, அவையும் எண்ணெய் பூசி அடுக்கப்பட்டிருக்கின்றன. மழை ஓய்ந்த பின் முள் வடிவத்துக்கு ஓர் ஆர்டர் வந்தது. தில்லிக் கடைக்காரர் ஒருவர் துப்பட்டாவுக்குக் கேட்டார். வடிவம் யாருடையது, அவருக்கு ஏதாவது தர வேண்டுமா என்று மகன் மாணவியிடம் கேட்டார். ஒரு துப்பட்டா போதும் என்றார் அவர்.

அட்டவணை தொட்டிகளுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மாணவி குஜராத்தியில் எழுதிக் கொடுத்தது. ஓரங்களில் நீல விரல் ரேகைகள், நடுவில் எங்கிருந்தோ தெறித்த இரும்புக் கஷாயத்தின் கறுப்புப் புள்ளி. குளிர்காலத்துக்கு ஆறப்போடும் நாட்கள் போதவில்லை என்று மகன் இரண்டு வரிகளை அடித்துவிட்டு, பேனாவால் மேலே வேறு எழுதியிருக்கிறார்.